சம்பந்தி ஏரிக்குப் போகிறார், நான் ஏணிக்குப் போகிறேன்

அன்பு மகள் கிளியோனாவுக்கு, கோரிப் ஏரிக்கரையிலிருந்து உன் அப்பா ஃபெஸ்டி மல்கெரின், ஈரம் சொட்டும் கையைத் துடைத்துக்கொண்டு ஆசிகளோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ரோனனும் அந்தக் கால்கரியில் காய்ந்த துணியோடும் காய்ந்த உடம்போடும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், கோழிகள் சுகம், கழுதைக்கு இருமல் போய்விட்டது. உன் மாமனார் எங்கள் எல்லோரையும்விடச் சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எப்படியாவது அவரை அங்கே கூப்பிட்டுக்கொள். ரோனனுக்குப் பல்வலி என்று ஃபோனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆயுசு முழுக்க டப்ளினில் பல் பிடுங்கியவர், பெற்ற பிள்ளையின் பல்லை வேறொரு டாக்டர் தொட விடமாட்டார், அடுத்த விமானத்திலேயே ஏறிவிடுவார். இந்த யோசனை என்னுடையது என்று மட்டும் சொல்லாதே.

உன் கல்யாணத்தன்று சந்தோஷத்தில், "ஒரு மே மாசம் பூச்சி பறக்கிற சமயமா வாங்களேன் சம்பந்தி, ஏரியில மீன் பிடிக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். கல்யாண வீட்டில் நாலு பேர் நாலு சொல்வார்கள். மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். உன் மாமனார் ஆம்ப்ரோஸ் மறக்கவில்லை. ஒரு பெட்டி, ஒரு தூண்டில் உறை, உன் அம்மாவுக்கு ஒரு டப்பா சாக்லேட் சகிதம் வந்து இறங்கினார். வந்த அன்றைக்கு, "வெள்ளிக்கிழமை கிளம்பிடுவேன்" என்றார். எந்த வெள்ளிக்கிழமை என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அது என் தப்பு.

மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். நல்லவராக இருந்து தொலைக்கிறார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவுகிறார், கோழிகளுக்குக் குட்மார்னிங் சொல்கிறார், உன் அம்மா சுட்ட சோடா ரொட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுகிறார். இத்தனை வருஷமாக நான் கொண்டுவந்த மீனை எல்லாம் உன் அம்மா, "முள்ளு, முள்ளு" என்று ஓரத்தில் ஒதுக்கி வைப்பாளே, நினைவிருக்கிறதா? உன் மாமனார் முதல் நாள் பிடித்த டிரவுட் மீனைத் தட்டில் வைத்து, பையிலிருந்து பல் பிடுங்குகிற சின்னக் குறடு ஒன்றை எடுத்தார், விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முள்ளாக உருவி, "வலிக்காது, வலிக்காது" என்று மீனிடம் சொல்லிக்கொண்டே உருவி, உன் அம்மாவின் தட்டில் வைத்தார். அவள் முழு மீனையும் தின்றுவிட்டு, "டாக்டர், மீன் இவ்வளவு ருசியா இருக்கும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்றாள். நான் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அதிகமாகவே மசித்துவிட்டேன் போலிருக்கிறது, கூழாகிவிட்டது.

அன்றைக்கு ஆரம்பித்த வயிற்றெரிச்சல் மகளே, இன்னும் அடங்கவில்லை. தினம் சாயங்காலம் அவர் என் படகில், என் எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு, சின்னத் தீவுக்குப் பின்னால் பாறைக்கும் கோரைக்கும் நடுவே இருக்கிற என் இடத்துக்குப் போகிறார். அந்த இடத்தை நான் கூடப்பிறந்தவனுக்கே காட்டினதில்லை. உன் அம்மா காட்டிக் கொடுத்துவிட்டாள். அது மட்டுமா? குளிர்காலம் முழுக்க நான் சேவல் இறகையும் பட்டு நூலையும் வைத்துக் கண் பூத்துப்போகத் தூண்டில் முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சிகளில், ஒருபக்கம் இறகு கோணிக்கொண்ட ஒரு அலங்கோலத்தை, கேட்டுவிட்டாரே என்பதற்காக அவருக்குக் கொடுத்தேன். இந்த மே மாதம் கோரிப் ஏரியில் மீன்கள் அந்த அலங்கோலத்தைத் தவிர வேறெதையும் கடிப்பதில்லை.

நான் ஏன் கூடப் போகவில்லை என்று கேட்பாய். உன் அம்மாவின் சட்டம் உனக்குத் தெரியாதா? கொல்லை வேலை முடியாமல் தூண்டிலைத் தொடக்கூடாது. விருந்தாளிக்கு அந்தச் சட்டம் கிடையாது. இந்தத் தடவை மழையோ, வானத்தில் யாரோ ஓட்டையை அடைக்க மறந்த மாதிரி நாள் கணக்காகக் கொட்டுகிறது. மழை பெய்யப் பெய்யக் கொல்லையில் வேலை பிறக்கிறது. ஒரு ஒழுகலை அடைத்தால் இன்னொன்று திறக்கிறது, சாக்கடையைத் தோண்டினால் வேலி சாய்கிறது, வேலியை நிமிர்த்தினால் கழுதை அந்தப் பக்கமாக வெளியே போய்விடுகிறது. நான் ஏணியில் நின்று கூரையோரத் தகரக் கால்வாயிலிருந்து அழுகின இலையை வாரிக்கொண்டிருப்பேன், உன் மாமனார் கீழே ஏரிக்குப் போகிறவர் நின்று அண்ணாந்து பார்த்து, "உங்க உழைப்பே தனி, சம்பந்தி" என்பார். உள்ளபடியே மெச்சித்தான் சொல்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

இப்போது நேற்று நடந்ததைக் கேள். நேற்று காலையிலிருந்து காற்றும் மழையும். வழக்கம்போல நான் ஏணியில். கால்வாய்மேல் சாய்ந்து நிற்கிற சிக்கமோர் மரத்துக் கிளையை ஒதுக்கலாம் என்று ஒரு இலையைத் திருப்பினேன். இலைக்கு அடியில் மேப்பூச்சி, மீன்கள் உயிரை விடுகிற அந்த மே மாதத்து நிஜப்பூச்சி. ஒன்றில்லை, வரிசையாகத் தொங்குகிறது. அடுத்த இலையிலும், அதற்கடுத்த இலையிலும். மரம் முழுக்க, மழைக்குப் பயந்து ஒதுங்கின கல்யாணக் கூட்டம்போல. நீ ஏரிக்கரையில் வளர்ந்த பெண், இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை நாள் முட்டையிட வழியில்லாமல் அடைந்து கிடக்கிற பெண்பூச்சி அத்தனையும், மழை விட்டுக் காற்று அடங்குகிற முதல் சாயங்காலம் மொத்தமாக ஏரிக்குத் திரும்பும், முட்டையிட்டுவிட்டு சிறகை விரித்துத் தண்ணீரில் விழும், ஏரியில் இருக்கிற மீன் அத்தனையும் மேலே வந்து வாயைத் திறக்கும். வருஷத்தில் ஒரு சாயங்காலம் அப்படி வாய்க்கும். சில வருஷம் அதுவும் வாய்க்காது. மேற்கே பார்த்தேன், மேகத்துக்கு அடியில் வெளுத்துக்கொண்டு வந்தது. இன்றைக்குத்தான்.

உடனே ஒரு கணக்குப் போட்டேன். சாயங்காலத்துக்குள் கொல்லை வேலையை முடித்துவிட வேண்டும். உன் மாமனாரை வீட்டிலேயே உட்கார வைத்துவிட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டின்போது ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "இன்னிக்கு ஏரிப்பக்கமே போக வேண்டாம் சம்பந்தி. கிழக்குக் காத்து. ஒரு மீன் தலையைத் தூக்காது. கணப்புக்குப் பக்கத்துல காலை நீட்டிப் படுங்க" என்றேன். கொஞ்சமும் சந்தேகப்படாமல், "நீங்க சொன்னா சரிதான்" என்றுவிட்டார். உன் அம்மா மட்டும் சூப்பைக் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். சூப்பில் உப்பு போதவில்லை போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

அப்புறம் நான் செய்த வேலையை நீ பார்த்திருக்க வேண்டும். சாக்கடையில் கழியை விட்டுக் குத்தின வேகத்தில் அது அந்தப் பக்கமாகப் பீறிட்டு, கொடியிலிருந்து எடுக்க மறந்த போர்வைகளின் மேல் அடித்தது. போர்வையைச் சுருட்டிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன், ஃபோனில் உன் அம்மாவிடம் இதை உளறிவிடாதே. கழுதையை இழுத்து வந்து கட்டினேன், அது என் தொப்பியைத் தின்றது. தின்னட்டும் என்று விட்டேன், நேரமில்லை. மிச்சம் இருந்தது பின்பக்கக் கொட்டகைக் கூரையில் காற்றுக்குக் கிளம்பியிருந்த தகரம் ஒன்றுதான். ஆணியும் சுத்தியலுமாக மேலே ஏறினபோது, உன் மாமனார் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். ஏரிக்குப் போகாத மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லையாம், உதவி செய்கிறாராம். ஏணியைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றேன்.

பிடித்துக்கொண்டார். உன் அம்மா வாசல் பக்கமிருந்து, சமையலறைக்கு மேலே தண்ணீர் கொட்டுகிறது, ஏணி வேண்டும் என்று குரல் கொடுத்திருக்கிறாள். அவர் பெண்கள் சொல்லைத் தட்டாதவர் ஆயிற்றே. "ஒரு நிமிஷம் சம்பந்தி" என்று கீழிருந்து சொன்னாராம். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில், என் சுத்தியல் சத்தத்தில், எனக்கு என்ன கேட்கும்? கடைசி ஆணியை அடித்துவிட்டு, ஜெயித்துவிட்டேன் என்று திரும்பிக் காலை நீட்டுகிறேன், காலுக்குக் கீழே அயர்லாந்து மட்டும்தான் இருக்கிறது. ஏணி இல்லை. ஒரு பக்கம் சிமெண்டுத் தரை, மறுபக்கம் ஆளுயரக் காஞ்சொறிப் புதர். இரண்டில் எதில் விழலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மழை நின்றது. யாரோ குழாயை மூடின மாதிரி நின்றது. காற்றும் நின்றது. வெயில் சாய்வாக வந்து ஏரியைத் தொட்டது. நான் கத்தினேன். கழுதை பதில் சொன்னது.

பிறகு சிக்கமோர் மரத்திலிருந்து அதுகள் கிளம்பின. என் காதோரமாக, மூக்குக்கு முன்னால், ஆயிரம் ஆயிரமாக, ஒரு சத்தமில்லாமல் ஏரியை நோக்கிப் போயின. ஒன்று என் சட்டைக் காலரில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போயிற்று. அதே சமயம் படகுத்துறையில் என் எஞ்சின் உறுமுகிற சத்தம் கேட்டது. பார்த்தால் உன் மாமனார் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், என் மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் எஞ்சினைப் பிடித்திருப்பது, கிளியோனா, உன் அம்மா. நுவாலா. "படகுன்னாலே எனக்குத் தலை சுத்தும்" என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லிவருகிற அதே நுவாலா.

கொட்டகைக் கூரையிலிருந்து ஏரி எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இந்தப் பருவத்தின் ஆகச் சிறந்த மீன்பிடியை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த ஒரே ஆள் நான்தான். தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. அதன்மேல் எங்கே பார்த்தாலும் வளையம், வளையத்துக்குள் வளையம். உன் மாமனார் தூண்டில் கோலை உன் அம்மாவின் கையில் கொடுத்தார். அவள் அதை வீசின லட்சணத்தை நான் என்ன சொல்ல, கொடியில் ஈரத்துணி வீசுகிறவள்போல வீசினாள். நான் மீனாக இருந்தால் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடியிருப்பேன். ஆனால் அந்த வீச்சுக்கே கோல் வளைந்தது. நன்றாக, பெரிதாக, என் கையில் இத்தனை வருஷத்தில் இரண்டொரு முறை வளைந்த மாதிரி வளைந்தது. நான் என்னையறியாமல் எழுந்து நின்று, "கோலைத் தூக்கு, நூலை விடு, விடு" என்று கையை ஆட்டிக் கத்தினேன். அவர்கள் இருவரும் திரும்பிப் பார்த்துச் சந்தோஷமாகக் கையாட்டினார்கள். அப்போது அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. அடங்கின ஏரியில் சத்தம் தெளிவாக வரும். கூரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த மீன் எனக்குக் கிடைக்காமல் போனது வருத்தமா, அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தது வருத்தமா என்று கேட்காதே. ஒரு மனிதன் கூரைமேல் ஈரக் காற்சட்டையோடு உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்க வராது.

வெளிச்சம் மங்கின பிறகு வந்தார்கள். உன் அம்மாதான் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினாள். "இறங்குங்க. வேடிக்கை பார்த்தது போதும்" என்றாள். நான் மதுக்கடைக்குப் போய்விட்டேன் என்று நினைத்துக் கிளம்பினாளாம். ஏரியிலிருந்து பார்த்தபோது, நான் கோபத்தில் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருப்பதாக நினைத்தாளாம்.

"கோவம் வந்தா யாராவது கூரைமேல ஏறுவாங்களா?"

"நீங்க எங்க வேணா ஏறுவீங்க."

சமையலறைப் பக்கம் தூக்கிப்போன ஏணியைத் திருப்பி வைக்க மறந்தது அப்போதுதான் உறைத்த உன் மாமனார் முகத்தை நீ பார்க்க வேண்டும், நல்ல பல்லைப் பிடுங்கிவிட்ட மாதிரி வெளுத்துப்போனார். அவர் கேட்ட மன்னிப்பில் கடைசியில் நான்தான் அவர் தோளைத் தட்டி, டீ போட்டுக் கொடுத்து, ஆறுதல் சொல்லும்படி ஆயிற்று. அதிலும் அவருக்கே வெற்றி.

இன்றைக்கு ஏரி நன்றாக இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "நீங்கதான்" என்றாள். எங்கள் ஊரில் எந்த மீன்பிடிக்காரன் எதைச் சொன்னாலும் தலைகீழாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், படகுத்துறையில் பையே கிழிகிற அளவு மீனைத் தூக்கிக்கொண்டு நிற்பவனும் "ஒண்ணுமில்லப்பா" என்பான், இது டப்ளின்காரருக்குத் தெரியாது, என் பெண்டாட்டிக்குத் தெரியாமலா போகும்? "கிழக்குக் காத்துன்னு நீங்க பெருமூச்சு விட்டதுமே தெரிஞ்சுபோச்சு. நம்ம வீட்டுக்கு வந்த மனுஷரை ஏமாத்தினா எனக்கு மானக்கேடு. எஞ்சினைப் பிடிக்க ஆள் வேணுமேன்னு நானே போனேன்" என்றாள்.

இதோடு விட்டிருந்தால்கூடத் தேவலாம். மீனை வறுத்துச் சாப்பிட்டு முடித்ததும், இரண்டு முழங்கையையும் மேஜைமேல் ஊன்றிக்கொண்டு உன் அம்மா சொன்னாள்: "நான் என்னமோ அங்க போய் மாடா உழைக்கிறீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன். வந்ததும் முதுகு வலி, தோள் வலின்னு படுத்துக்குவீங்க, நான் எண்ணெய் தேய்ச்சுவிடுவேன். போய்ப் பார்த்தா சும்மா உட்கார்ந்திருக்கிறதுதான் வேலையே." எங்கள் ஊர் ஆம்பிளைகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்துவந்த ரகசியம் மகளே, ஒரே சாயங்காலத்தில் போய்விட்டது. இனி என் முதுகுக்கு எண்ணெய் கிடையாது.

அவள் படுக்கப் போன பிறகு உன் மாமனார் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு, சம்பந்தி. டப்ளின்ல மழை பெஞ்சா ஜன்னலைச் சாத்திட்டு உட்கார்ந்திருப்பேன். இன்னும் ஏன் அந்தத் தகரத்தை அடிக்கலைன்னு கேட்க ஆள் இல்ல." பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறவனைப் பார்த்து இன்னொருவர் பொறாமைப்பட்டால் பதில் என்ன என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. நான் படித்த பள்ளிக்கூடமும் அவ்வளவுதான். துடைத்த தட்டை வாங்கி அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கியிருந்ததையும் எடுத்து மறுபடி அடுக்கினேன்.

ஆனாலும் என் தீர்மானத்தில் மாற்றமில்லை. மனம் இளகினால் படகு போய்விடும். ரோனனுக்குப் பல்வலி வந்தே ஆக வேண்டும், கடைவாய்ப் பல்லாக இருந்தால் உத்தமம். நீங்கள் இருவரும் இல்லறத்தில் குறையில்லாமல், ஒருவர் சொல்லும் வேலையை மற்றவர் முகம் சுளிக்காமல் செய்து, நீண்ட ஆயுளோடு வாழ ஆண்டவனும் புனித பிரிஜித்தும் துணையிருப்பார்களாக. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், பல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
கூரையிலிருந்து இறங்கிவிட்ட உன் அப்பா,
ஃபெஸ்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் இதையும் சேர்க்கிறேன். இன்று சாயங்காலம் உன் அம்மா தூண்டிலை எடுத்தாள். கூப்பிடுவாள் என்று நானும் உன் மாமனாரும் ஒரே நேரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். படகில் ஏற்கெனவே பக்கத்து வீட்டு அட்ராக்டா டீ பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். நாங்களும் வரலாமா என்று கேட்டதற்கு, "ரெண்டு பேரும் முதல்ல கோழிக்கூட்டைச் சரி பண்ணி முடிங்க. அதுக்குப் பின்னால என் போர்வை ஏன் கிடக்குதுன்னு வந்து பேசிக்கிறேன்" என்று சொல்லி எஞ்சினைக் கிளப்பினாள். இப்போது உன் மாமனார் பலகையைப் பிடிக்கிறார், நான் ஆணி அடிக்கிறேன், நடுநடுவே இருவரும் ஏரியைப் பார்த்து ஒரே மாதிரி பெருமூச்சு விடுகிறோம். இவ்வளவு ஒத்துப்போகிற ஒரு மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. தயவுசெய்து அவரை இங்கிருந்து கூப்பிடாதே, இந்த வேலையும் வயிற்றெரிச்சலும் தனி ஆளால் ஆகாது. கடிதத்தை இதுவரை படிப்பதற்குள் பல்வலி என்று அவசரப்பட்டு ஃபோனில் சொல்லியிருந்தால், அந்தப் பல் தானாகவே விழுந்துவிட்டது என்று சொல்லிவிடு.